எத்தனை மரம் வேண்டும்?

ஓசூர்,
மாசி 4

அன்பு மகள் தர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே ஓசூரில் நானும் வேப்பனப்பள்ளித் தோட்டத்தில் உன் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் பனிக்குக் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நெதர்லாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், திடமாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன். தினமும்தான் பேசிக்கொள்கிறோமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய், நான் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. எதிர்வீட்டு ஹரீஷ்குமார் கம்பெனி வேலையாக உங்கள் பக்கம் வருகிறான், ராகி மாவு, பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் ஆராய்ச்சித் தலைப்பை உங்கள் புரொபசரம்மா இரண்டாம் முறையும் திருப்பிவிட்டார், இந்த மாதக் கடைசிக்குள் தெளிவான ஒரு கேள்வியோடு வராவிட்டால் டாக்டர் பட்டத்துக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று அன்றைக்கு நீ அழுதாய். நான் இதுக்கு லாயக்கில்லம்மா, டிக்கெட் போட்டுடட்டுமா என்று நீ கேட்டபோது வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. டிக்கெட் போடுவதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். முதலில் அந்தத் தலைப்பு. தென்னிந்திய மா சாகுபடியும் தட்பவெப்ப மாற்றமும் என்று நீ சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பஸ்ஸில் பக்கத்து சீட் ரெனிட்டாவிடம் இரண்டு முறை சொல்லியும் காட்டினேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். எங்கள் கம்பெனியில் ஒரு பிரேக் பாகம் திரும்பி வந்தால், பாகம் சரியில்லை என்று மட்டும் நான் எழுதிவைத்தால் மேனேஜர் அந்தத் தாளை என் மேஜைக்கே திருப்பி அனுப்புவார். எந்த மெஷின், எந்த ஷிப்ட், கீறல் எந்த ஓரத்தில் என்று எழுதும் வரை எங்கள் செக்‌ஷனில் யாரும் டீ குடிக்கப் போக முடியாது. அதனால் உன் புரொபசரம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அப்பா படுகிற கஷ்டத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் நீ இவ்வளவு பெரிசாக எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அதற்காகத் தென்னிந்தியா முழுவதையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் கண்ணு.

தோட்டக்காரர்களிடம் கேட்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கேள்விகளோடு போன சனிக்கிழமை போனேன். அந்தக் கூத்தைக் கேள். ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறியதால் கம்பெனி யூனிபாரம், கழுத்தில் ஐடி கார்டு, கையில் கிளிப் வைத்த அட்டை, அப்படியே ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கினேன். உங்களுக்கு மாங்காயில் நஷ்டம் உண்டா, எதனால் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில். முழுசா போச்சும்மா, நல்லா எழுதிக்க. மழையாலும் போச்சு, வெயிலாலும் போச்சு, பூச்சியாலும் போச்சு, என்னவெல்லாம் நீ கேட்டிருந்தாயோ அத்தனைக்கும் ஆமாம். கேட்கும்போதே தலைக்கு மேலே கிளை கொள்ளாமல் பிஞ்சு! எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நாகம்மா ஆதார் கார்டு ஜெராக்ஸையும் பாஸ்புக்கையும் கொண்டுவந்து நீட்டி, எப்பம்மா பணம் ஏத்துவாங்க என்றாளே, அப்போதுதான் விளங்கியது. கார்டு மாட்டிக்கொண்டு நஷ்டம் கேட்க வருகிறவர்கள் நிவாரணத்துக்குத்தானே வருவார்கள். என்னைத் தெரிந்தவர்கள்கூட, முனிவேல் சம்சாரத்துக்கு கவர்மென்ட் வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். உன் அப்பா கேட்டுவிட்டு இருமல் வரும் வரை சிரித்தார். அந்தப் பதில்களை உனக்கு அனுப்பவில்லை, அதை நம்பி நீ ஒரு வரியும் எழுதாதே.

மறுநாள் காலையில் கார்டையும் அட்டையையும் தோட்டத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, புடவை கட்டிக்கொண்டு, ராமப்பன் தோட்டத்து மோட்டார் கொட்டகை நிழலில் உன் அப்பாவோடு நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். உன் கேள்விகளில் கடைசியாக, ஒப்புக்கு வைத்ததுபோல் ஒன்று இருந்ததே, மாங்கூழ் பேக்டரிக்குக் கொண்டுபோகும்போது டிராக்டரில் பழத்தை எப்படி அடுக்குகிறீர்கள், பேக்டரி வாசலில் லைனில் நிற்கும்போது எந்தப் பழம் முதலில் கெடுகிறது என்று. அதை மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. காம்பு ஒடிஞ்சு பால் வடிஞ்சாத்தான் பக்கத்துப் பழமும் கருக்கும் என்றார் ராமப்பன். அதெல்லாம் இல்ல, மேல தார்ப்பாய போட்டு மூடறோமே, உள்ள வேகுது என்றார் உன் அப்பா. டிராக்டர் ஓட்டுகிற கங்கப்பன் விடவில்லை, அடியில இருக்கறதுதான் நசுங்குது, நாந்தானே கடைசியா கூட்டித் தள்ளறேன், எனக்குத் தெரியாதா என்றார். உனக்குத் தெரிஞ்சா ஏன் வருசா வருசம் தள்ளறே என்று ராமப்பன் ஏறினார். அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய் தெலுங்கு வந்துவிடும், அன்றைக்கு முழுக்கத் தெலுங்குதான். நான் டீ போட்டுக் கொண்டுவந்தும் ஓயவில்லை. வருஷா வருஷம் அதே லைனில் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள், ஆனாலும் காம்பா, சூடா, பாரமா என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது, நான் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

தர்ஷினி, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உன்னைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. முதல் நாள் கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள், இதற்கு எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, நீயே எழுதியதுதான். பெரிய பெரிய கேள்விகளையெல்லாம் முன்னால் உட்காரவைத்துவிட்டு இதைக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் போட்டிருக்கிறாய். டிராக்டரில் மாம்பழம் அடுக்குவதைப் படிக்கவா ஐரோப்பா வந்தேன் என்று உனக்குத் தோன்றும், நீ என் பெண்தானே, வீம்பு தெரியாதா. வேறு நாட்டில் யாராவது இதை ஏற்கெனவே முடித்துவைத்திருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது, அதை நீதான் லைப்ரரியில் தேடிப் பார்க்க வேண்டும். யாரோ பாதி செய்திருந்தால் மீதியைச் செய். நம் பெங்களூரா மாம்பழத்துக்கு, நம் வெயிலில், இந்த மூன்றில் எது முதலில் கெடுக்கிறது என்பதை மட்டும் ஒரு சீசனில் உன்னால் முடிவாகச் சொல்ல முடிந்தால் அது சின்ன விஷயமா? உன்னால் முடியும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இப்போது அப்பா சங்கதி. வருஷா வருஷம் பூவிலேயே தோட்டத்தை வியாபாரி பூபதியிடம் குத்தகைக்கு விட்டுவிடுவதுதானே வழக்கம், அதன் பிறகு ஒரு காயை நாம் பறிப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். இந்த முறையும் பூபதி வந்தார். பேசி முடிப்பார் என்று பார்த்தால் உன் அப்பா, பங்குனி பொறக்கட்டும் பார்க்கலாம் என்று அவரை அனுப்பிவிட்டார். பூபதி முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பயமாக இருந்தது எனக்கு, வேறு ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். பாப்பா வந்து பழத்த வெச்சுப் பார்க்கணும்னா பூபதியக் கேட்டுக்கிட்டா நிப்பா என்றார். நீ திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைக்கிறாய், இங்கே ஒரு மனிதர் உனக்காக மரத்தை நிறுத்திவைத்திருக்கிறார். அதனால் டிக்கெட் தாராளமாகப் போடு, ஆனி மாதத்துக்குப் போடு, வேலையோடு வா. மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதபடி இப்போது வருவதானால் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரமாட்டேன், அப்பாவையும் விடமாட்டேன். இப்படி எழுதிவிட்டேனே தவிர வந்துவிடுவேன், அதுவும் உனக்குத் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வை. ஊறுகாயைத் தனியாகத் தின்று தீர்க்காதே, கூட இருக்கிற பெண்களுக்கும் கொடு. புரொபசரம்மாவிடம் தலையைக் குனியாமல் பேசு. சாமி புண்ணியத்தில் நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியும், எங்கள் இருவர் ஆசியும் உன் கூடவே இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். உனக்கு ஏதாவது எழுதணுமா என்று அப்பாவைக் கேட்டேன். எழுத ஒன்றும் இல்லை, எத்தனை மரம் வேணும், எந்தப் பக்கத்து மரம்னு மட்டும் கேளு, மீதிய பூபதிகிட்ட விட்டுடறேன் என்றார். பழைய தலைப்பு என்றால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாய், தென்னிந்தியாவில் இருக்கிற மரமெல்லாம் என்றா? இப்போது உன்னால் சொல்ல முடியும். புரொபசரம்மாவுக்கு எழுதுவதற்கு முன்னால் அந்த எண்ணை அப்பாவுக்குச் சொல், உன் மரங்களுக்கு அடையாளம் கட்ட மஞ்சள் துணி கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா,
மாதேஸ்வரி