எந்த வரிசை என்று நீ கேட்டாய்

இன்று சாம்பல் புதன். பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலில் ஓர் ஆட்டோக்காரர் காத்திருந்தார். உன் மகள் செலின் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு மாத்திரை டப்பாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார். கடிதம் இல்லை, ஒரு வரிக் குறிப்பும் இல்லை. மூடியைத் திறந்ததும் காய்ந்த பசையின் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே பஞ்சின்மேல் ஒரு புளியங்கொட்டை, விரல்நகம் அளவு உப்புத்தாள், நாலு கண் கொண்ட சட்டைப் பொத்தான், கருமரத்தில் கடைந்த ஒரு செபமாலை மணி.

முதல் மூன்றையும் நான் அறிவேன். நீ ஒட்டும்போது உடனிருந்தவன் நான். நான்காவது எங்கே இருந்தது, ஏன் இருந்தது என்பதைப் போன வாரம்தான் அறிந்தேன். அதை அறிந்த நாள்முதல் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ இறந்து ஓராண்டு நிறையப் போகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உன் கண்களைத் தின்னத் தொடங்கிய நாள்களை நினைத்துப் பார்க்கிறேன். தேங்காய்த்திட்டில் உன் வீட்டு மாடியறைச் சுவர் முழுவதும் சணல் சாக்கை அடித்து ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தாய். துறைமுகத்தில் மீன் ஏலம் ஓய்ந்த பிறகே பதிவு தொடங்கும். "ஐஸ் ஒடைக்கிறவன் மொதல்ல நிறுத்தட்டும் வாத்தியாரே, அப்புறம் ஆண்டவர் பேசட்டும்" என்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்தவரின் மகன் நீ. கோபம் வந்தால் அப்பனுடைய பிரெஞ்சில் திட்டுவாய், அன்பு வந்தால் "இன்னாய்யா" என்பாய். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், கோயிலில் வாசகம் வாசிப்பவன். என் குரலைப் பதிவு செய்ய வந்த இடத்தில் உன் பக்கத்து நாற்காலியே எனக்கு நிலையாயிற்று.

கணினித் திரைக்குள் குரல்களைக் கலக்கும் மிக்ஸர் ஒன்று படமாக நிற்கும். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கோடு; அதை மவுஸால் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும். திரை மங்கியபோது உன் தொழிலும் மங்கியது. "அந்த அம்பு எங்க போச்சுன்னு தேடியே பொழுது போவுது வாத்தியாரே" என்று ஒருநாள் நீ சொன்ன குரலை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. அதன் பிறகுதான் அந்தக் கன்ட்ரோலரை வரவழைத்தாய். திரைக்குள் இருக்கும் மிக்ஸரை மேசைமேல் விரலால் தொட்டு இயக்கலாம். மேலும் கீழும் நகரும் எட்டு ஃபேடர்கள். உள்ளே மோட்டார் உண்டு, தாமாகவும் நகரும். முதல் நாள் எட்டையும் நீ தடவிக்கொடுத்தாய், கன்றின் முதுகைத் தடவுவதுபோல. "இது போதும். இனிமே எனக்குக் கண்ணு வேணாம்" என்றாய்.

விரலுக்கு அடையாளம் வேண்டுமென்று அன்றே ஒட்டத் தொடங்கினாய். முதல் ஃபேடரில் புளியங்கொட்டை. அது என் குரல். "வழவழன்னு இருக்கு, உன் பேச்சு மாதிரியே" என்று கேலி செய்தாய். நான்காவதில் உப்புத்தாள், அது பாடகர் குழுவிலே கட்டைக் குரல்காரர்கள். எட்டாவதில் சட்டைப் பொத்தான்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஃபேடர் எட்டு; குரல்களோ பதினாறு. வலது ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால் முதல் எட்டு விலகி அடுத்த எட்டு வந்து அமரும்; இடது ஓரத்துப் பொத்தான் முந்தைய எட்டைத் திரும்பக் கொண்டுவரும். ஒலிப்பதிவுக்காரர்கள் நீங்களெல்லாம் பேங்க் என்று வழங்குவதை எனக்காக நீ வரிசை என்றாய். முதல் வரிசையில் என் குரலாக இருந்த புளியங்கொட்டை இரண்டாம் வரிசையில் வேறொருவர் குரலாகிவிடும். எந்த வரிசை என்பதைச் சிறு வெளிச்ச எழுத்து காட்டும். அது உனக்குத் தெரியாது. ஆகவே என் வேலை அது ஒன்றுதான். "வாத்தியாரே, எந்த வரிசை?" என்று நீ கேட்பாய். நான் பார்த்துச் சொல்வேன். வேறு எதற்கும் நான் உனக்குப் பயன்பட்டதில்லை.

நீ இறப்பதற்கு முந்தைய ஆண்டின் பெரிய வாரம். நம் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளி மாலை, ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைத் தெருவழியே சுமந்து வருகையில், மைக்செட் கட்டிய வண்டியிலிருந்து அவர் பட்ட பாடுகளின் வாசகம் ஒலிக்கும். அந்த ஆண்டு அதை நீ புதிதாகப் பதிவு செய்தாய். திருவுடலைக் கல்லறையில் இறக்கும் இடத்தில் உன் தெருவின் மீனவப் பெண்கள் மூவர் பக்கவாத்தியம் ஏதுமின்றி அழுது பாடினார்கள். தாளம் தப்பாமல் இருக்க, அவர்கள் காதில் மட்டும் கேட்கும்படி டிக், டிக் என்ற தாள ஓசையோடு நீ எண்ணிக்கை கொடுத்தாய். பெண்களின் அழுகை முதல் வரிசையில் எட்டாவது. உன் எண்ணிக்கை இரண்டாம் வரிசையில் எட்டாவது. இரண்டுக்கும் ஒரே சட்டைப் பொத்தான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை பிற்பகல். எல்லாம் முடிந்து எண்ணிக்கையை அடியோடு இறக்குவது மட்டும் மிச்சம். நீ மருந்து சாப்பிட உள்ளே போனாய். ஒரு குரலின் பெயரைச் சரிபார்க்க நான் முதல் வரிசைக்கு மாற்றினேன், இரண்டாவதுக்குத் திருப்பி வைக்கவில்லை. பின் மேசைக்கடியில் செபமாலையை உருட்டிக்கொண்டு கண்ணை மூடினேன்.

நீ வந்து உட்கார்ந்தாய். "எந்த வரிசை?"

கண்ணைத் திறக்காமலே, "இரண்டாவது" என்றேன். மந்திரத்தின் நடுவில் பேச்சு வந்ததே என்ற எரிச்சல்கூட அப்போது எனக்கு இருந்தது.

எட்டாவதின் சட்டைப் பொத்தானைத் தடவிக் கண்டு, அடிவரை இழுத்தாய். பெண்களின் அழுகை அற்றுப்போயிற்று. உன் எண்ணிக்கை உயிரோடு இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பதிவாக எழுதும்படி கணினிக்குச் சொன்னாய். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் உனக்குக் கண்ணில் ஊசி போடும் நாள் அது. செலின் கீழே வண்டியோடு நின்றாள். "முழுசா ஒரு வாட்டி கேட்டுடு வாத்தியாரே. நாப்பது நிமிஷம்தான். என் காதைவிட உன் காது இப்ப நல்லாருக்கு" என்று சொல்லிப் போனாய். கோயில் மணி அடித்தது. சிலுவைப் பாதைச் செபத்துக்கு நேரமாயிற்றென்று நான் எழுந்துவிட்டேன்.

மாலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடி அழைத்தாய். "முழுசா கேட்டியா?"

"கேட்டேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ பார்க்கவில்லை, கேட்டாய். செலினின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாய். திருவுடல் இறங்குகிறது, தெரு முழுவதும் முழந்தாளில். ஒலிபெருக்கியில் டிக், டிக் என்ற ஓசை. பிறகு உன் குரல்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, எடுங்க." மறுபடி எண்ணிக்கை. மறுபடி "எடுங்க." பின்வரிசையில் ஒருவன், "இன்னாய்யா, சாமியை எண்ணித்தான் எறக்கணுமா?" என்றான். சிரிப்பு பரவியது. பாடிய பெண்களில் மூத்தவள் என் பக்கம் திரும்பி, "எங்க அழுவ எங்கய்யா?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

பூசைப் பொருள் அறையில் அப்போதைய பங்குத்தந்தை என்னிடம், "கண்ணு தெரியாதவரை நம்பிக் கொடுத்தது நம்ம தப்பு ஐயா. அடுத்த வருஷம் வேற எடத்துல பாத்துக்கலாம்" என்றார். நான் "ஆமாம் சாமி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து உன் அறைக்கு வந்தேன். நீ விரல்களை விரித்து மடியில் வைத்திருந்தாய். "கண்ணு போனப்பகூட நான் பயப்படல வாத்தியாரே. விரலும் ஏமாத்துதுன்னா இனி இன்னா இருக்கு?" என்றாய். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். என் கையில் செபமாலை இருந்தது; நான் முறுக்கிய முறுக்கில் நூல் அறுந்து மணிகள் தரையெங்கும் சிதறின. சொல்வதற்குப் பதிலாகக் குனிந்து மணி பொறுக்கினேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

மற்றப் பங்குக் கோயில்களின் வேலையும் ஒவ்வொன்றாக நின்றது. மடத்துப் பள்ளிக்கூடத்துப் பாட்டும் நின்றது. ஆனாலும் நீ என்னை வரச் சொன்னாய். எவரும் கேட்காத அந்தப் பாடுகளின் பதிவையே எடுத்து வைத்துக்கொண்டு, பெண்களின் அழுகையை இருந்த இடத்தில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, அந்த ஓராண்டையும் கழித்தாய். ஒவ்வொரு நாளும், "வாத்தியாரே, எந்த வரிசை?" என்று கேட்டாய். இம்முறை நான் கண்ணைத் திறந்து பார்த்து, "முதலாவது" என்று சரியாகச் சொன்னேன். அதில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. நீ கேட்பதற்கு முன் மேசையில் மூன்று சிறு சொடுக்கொலிகள் எழுவதை நான் கேட்டிருக்கிறேன். விரல் நடுக்கம் என்று நினைத்தேன்.

போன வாரம் செலின் கூப்பிட்டாள். கன்ட்ரோலரைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்குகிறார், ஒட்டியதையெல்லாம் எடுத்துத் தரச் சொல்கிறார், அதற்கு முன் உங்கள் வாசகங்களைக் கணினியிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் போனபோது அவள் பிளேடால் புளியங்கொட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்துப் பொத்தானில் கருப்பாக ஒன்று தெரிந்தது. குனிந்து பார்த்தேன். என் செபமாலை மணி.

"இது எப்படி இங்க வந்துது?" என்றேன்.

"அதுவா மாமா? அப்பா கால்ல குத்துச்சின்னு எடுத்தாரு. அந்தப் பெரிய வெள்ளிக்கு அப்புறம் ஒட்டினாரு. இந்தப் பொத்தானை மூணு வாட்டி அழுத்தினா, எங்க இருந்தாலும் மொத வரிசைக்கு வந்துடும், அதுக்கு மேல போவாது. இனிமே யாரையும் வரிசை கேக்க வேணாம்மான்னு சொன்னாரு."

"என்னைக் கேட்டாரே, செலின். தினமும் கேட்டாரே."

"ஆமா. அழுத்திட்டுத்தான் கேப்பாரு. நானே ஒரு நாள் ஏம்ப்பான்னு கேட்டேன். கேக்கலன்னா வாத்தியாரு எதுக்கு வருவாருன்னாரு."

தவறியது விரல் இல்லை, வரிசை என்று நீ கண்டுபிடித்திருக்கிறாய். வரிசையைச் சொன்னவன் யார் என்பதும், கடைசிவரை கேட்டதாகச் சொன்னவன் யார் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்தே ஓராண்டு முழுவதும், தேவையற்ற ஒரு கேள்வியைக் கேட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாய். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிக் குருவானவரிடம் மன்னிப்புப் பெற்றவன் நான். உன்னிடம் சொல்ல ஒரு முழு ஆண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் மூன்று முறை என்னைத் தட்டி எழுப்பினாய். நான் எழவில்லை. நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, ஆண்டவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்த சீடருக்குச் சேவல் ஒருமுறை கூவினாலே போதுமாயிருந்தது.

செலினிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அப்பா அவர் கையை நம்பியிருப்பாரு இல்ல மாமா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கீழே வந்து விடைகொடுக்கவும் அவள் எழவில்லை.

இப்போதிருக்கும் பங்குத்தந்தை இளைஞர். அவரிடம் போய், அன்று தவறு செய்தது உன் கை அல்ல, என் வாய் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த ரெக்கார்டிங் ஐயா? எனக்கு ஒண்ணும் புரியலையே. வண்டியில இப்ப வேறதான போடறோம்?" என்றார். பின்வரிசையில் சிரித்தவனைத் தேடினேன், அவனுக்கு நினைவில்லை. மூத்த மீனவப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவள் முழுவதும் கேட்டாள். "அந்தப் புண்ணியவான் எங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாரே, கையைப் புடிச்சிக்கிட்டு அழுதாரே" என்று மட்டும் சொல்லி மறுபடி வலைக்குத் திரும்பினாள். அதுவரை அது எனக்குத் தெரியாது.

இறந்தவனை எண்ணிச் செயலற்று நிற்பதைக் கையறுநிலை என்று இலக்கணம் பேசும். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் அதற்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். துறையும் விளக்கமும் எழுதாத கரும்பலகை இல்லை. உன் கை பழி சுமந்து போனது, என் கை மணி பொறுக்கியது. அதற்கு இலக்கணத்தில் துறை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அறுந்த செபமாலையை அப்போதே கோத்துக்கொண்டேன். பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் ஒரு பத்தில் மட்டும் ஒன்பது மணிகள். பத்தாவது மந்திரத்தை வெறும் நூலைப் பிடித்துச் சொல்லி வருகிறேன். இன்று அந்தப் பத்தாவது மணி திரும்பி என் கைக்கு வந்திருக்கிறது. அடியில் உன் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. செலின் மன்னித்துக் கொடுத்தாளா, வைத்துக்கொள்ள மனமின்றிக் கொடுத்தாளா, அறியேன். கேட்கவும் போவதில்லை.

அதைச் செபமாலையில் கோக்கமாட்டேன். டப்பாவில் புளியங்கொட்டையின் பக்கத்திலேயே இருக்கட்டும். சற்று முன் செபிக்க அமர்ந்தேன். அந்தப் பத்து வந்தது. ஒன்பது மணிகளும் கழிந்தன. விரல் நூலில் நின்றது. கண்ணைத் திறந்துகொண்டேன். இனி அந்த இடத்தில் நான் கண்ணை மூடுவதில்லை.