மாற்றி எழுதாத வரி

பாய்,

நேற்றுப் பெய்த மழையில் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இறைத்து வெளியேற்றுவதற்காகப் பக்கத்து வயல்காரரின் டீசல் என்ஜினை வாங்கி ஓட்டினேன். சூடேறிய டீசல் நெடி மூக்கில் ஏறியதும் அந்த வளைகுடா விமானத் தளம் கண்முன் வந்து நின்றது. உடனே உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது. நீங்கள் எங்களையெல்லாம் விட்டுப் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அங்கே நான் ஜெனரேட்டர் பார்க்கும் எலக்ட்ரீஷியன். நீங்கள் ராடார் அறையில் மொழிபெயர்ப்பாளர். நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவதும் உங்கள் வேலை. பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தேன். "நீடாமங்கலமா? உங்க ஊர் ரயில்வே கேட்டுல நான் நின்ன நேரத்துக்கு இன்னொரு டிகிரியே முடிச்சிருக்கலாம்" என்று சிரித்தீர்கள்.

பிறகு போர் வந்தது. நம் தளத்தோடு சேர்ந்து போரிட்ட நட்பு நாட்டின் இரண்டு போர் விமானங்கள், ஒரு பகல்வேளையில், திரும்பி வரும் வழியில் விழுந்தன. எதிரி விமானம் எதுவும் அந்தப் பக்கமே வரவில்லை. அவற்றில் இருந்த நான்கு பேரில் மூவர் பாராசூட்டில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் வரவேயில்லை. ஏன் விழுந்தன என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டு நாட்டு அதிகாரிகளும் இருந்த விசாரணைக் குழு பாலைவனத்தில் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்து, சுட்டது நம் தளத்து ஏவுகணைதான் என்று கண்டுபிடித்தது.

கூட்டாளியின் விமானத்தை ஏன் சுட்டார்கள்? தளத்து அதிகாரியிடம் பதில் தயாராக இருந்தது. அன்று ஜெனரேட்டர் சில நிமிடம் நின்றது. வருவது நம் விமானமா என்று காட்டும் கருவி அதனால் வேலை செய்யவில்லை. ஜெனரேட்டர் என்றால் நான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு மூன்று நாள் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து என்னை டிப்ளமா படிக்கவைத்த அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

உங்கள் பதிவேட்டில் இருந்தது வேறு. மின்சாரம் திரும்பிக் கால் மணி நேரம் கழித்துத்தான் விமானங்கள் திரையில் தெரிந்தன. கருவி நன்றாகவே ஓடியது. அதில் தினமும் மாற்ற வேண்டிய ரகசிய எண்ணை அன்று காலை அதே அதிகாரி மாற்ற மறந்திருந்தார். பழைய எண்ணுக்கு விமானங்களிடமிருந்து பதில் வரவில்லை. பகை என்று நினைத்துவிட்டார்கள். மின்சாரம் வந்த நேரத்தை மாற்றி எழுதச் சொல்லி உங்களை நெருக்கியது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விசாரணையில் என் பக்கத்து நாற்காலியில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தீர்கள். அதிகாரி சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். பிறகு, "இது அவர் சொன்னது. அன்னைக்கு நான் எழுதினதை இப்போ வாசிக்கிறேன்" என்று பதிவேட்டைத் திறந்தீர்கள்.

அன்றே என் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அந்த மாதமே உங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் நான் அழுதபோது, "உனக்காக மட்டும் சொல்லல செல்வம். திரும்பி வராத பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாங்கல்ல? நெஜம் என்னன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றீர்கள்.

நான் வேறு கம்பெனிக்கு மாறி மேலும் ஏழு வருடம் அங்கே இருந்தேன். தங்கை நர்ஸ் ஆனாள். சொந்த வயலில் நடவு நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். நீங்கள் தேங்காய் மண்டியில் லோடு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். பார்க்க வரும்போதெல்லாம் என் விளைச்சலைப் பற்றி விசாரிப்பீர்கள். ஒருநாளும் பழையதைச் சொல்லிக்காட்டியதில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை என்பது நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது. "அத்தா ஏதோ தப்புப் பண்ணித்தான் அனுப்பிட்டாங்கன்னு சொந்தத்துல பேசுவாங்க மாமா. கேட்டா அத்தா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றாள் உங்கள் மகள். அந்தச் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

"அத்தாவுக்குப் பயமே இல்லையா மாமா?"

"பயந்தாங்கம்மா. வாசிச்சு முடிச்சதும் மேசைக்கு அடியில என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கை அப்படி நடுங்குச்சு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள்.

அந்த நடுக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை, பாய். உண்மையைப் பயந்துகொண்டேகூடச் சொல்லலாம் என்று நான் தெரிந்துகொண்டது அந்தக் கையிடம்தான்.