கோப்பைக்குள் ஒரு தாரா

2017 பெப்ரவரி 7, செவ்வாய்

காலையிலிருந்து மழையும் பனியுமாக இரண்டுங்கெட்டான் வானம். மெட்ரோப் படிகள் முழுக்கச் சேறு. கடை வாசலில் குடைகளுக்கு ஒரு வாளி வைத்தேன். ஒருத்தியும் அதில் போடவில்லை. குடையோடு உள்ளே வந்து பட்டுச் சேலைகளுக்கு மேலே சொட்டவிட்டார்கள். முதலாளி அக்கா என்னைப் பார்க்கிறார். குடை என்னுடையதா?

செய்ய வேண்டியவை:
– கூறைச் சேலைகளுக்கு ஃபோல்ஸ் தைக்கக் கொடுக்க
– இவருக்குப் பிரஷர் குளிசை
– முருங்கைக்காய், நல்லது வந்திருந்தால்
– ஆரணியின் அறையைத் துடைக்க

கடைசி வேலை மட்டும் நடந்தது. அதுவும் பாதி. மகள் வீட்டை விட்டுப் போனது செப்டெம்பரில். அவளுடைய பழைய கொம்பியூட்டர் மேசையில் அப்படியே இருக்கிறது. தூசி தட்டத்தான் போனேன். தட்டியபின், வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தத் தாரா விளையாட்டு. எழும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் மணம்.

இவர் கேட்டதற்கு அடுப்பு சரியில்லை என்று சொன்னேன். பாவம், அடுப்பு.

8, புதன்

குளிர், ஆனால் வெயில். அரை நாள் வேலை.

தாராவைப் பற்றி. ஒரு வெள்ளைத் தாரா, வாத்து மாதிரி, தேத்தண்ணிக் கோப்பைக்குள் இருந்துகொண்டு வீட்டுக் கூரைகளுக்கு மேலே பறக்கும். வானத்திலிருந்து தேசிக்காய் விழும், மஞ்சள் எலுமிச்சை. அம்புக்குறி போட்ட விசைகளை அமத்திக் கோப்பையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பிடித்தால் மணி அடிக்கும். விட்டால் தேசிக்காய் குளத்தில் விழுந்து தவளையாகிப் பாடத் தொடங்கும். நிறைய விட்டால் பெரிய கச்சேரி. கோப்பை கவிழ்ந்தால் ஒரு மேகம் வந்து தாராவைத் தூக்கி, துவாயால் தலையைத் துடைத்து, திரும்ப உள்ளே இருத்திவிட்டுப் போகும். நேரம் முடிவதில்லை. சாவு இல்லை. தோற்றுவிட்டாய் என்று எழுதிக் காட்டுவதும் இல்லை.

ஆரணி முதன்முதலாகக் காட்டியபோது, "வெண்டால் என்ன தருவாங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் தரமாட்டாங்கள், அம்மா."

"அப்ப என்னத்துக்கு விளையாடுறது?"

சிரித்தாள். எனக்கென்று ஒரு தாராவை உண்டாக்கி, தலையில் தொப்பிக்குப் பதில் ஒரு சின்னக் கேத்தலைக் கவிழ்த்துவிட்டாள். அவளுடைய தாராவுக்குச் சிவப்பு மப்ளர். வேறு வேறு கொம்பியூட்டரில் இருந்தாலும் இரண்டு தாராவும் ஒரே வானத்தில் பறக்குமாம். நான் கோப்பையைக் கவிழ்த்துக் கவிழ்த்து விழுந்தேன். அவள் மருத்துவம் முதலாம் ஆண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் மட்டும் விளையாடுவாள். முகம் அந்த நேரத்தில்தான் பிள்ளை முகமாக இருக்கும்.

பரீட்சை இரண்டாந்தரமும் தவறியது. மூன்றாந்தரம் எழுத விடமாட்டார்களாம். "எந்த முகத்தோடை நான் லா சப்பலிலை நடக்கிறது?" என்று இவர் கத்தினார். எங்கள் ஆட்களின் கடைகள் எல்லாம் அந்தத் தெருக்களில்தான். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு ரெஸ்ரோரண்டின் பின்குசினியில் நின்று வெங்காயம் வெட்டுகிறவர். அங்கே இவருடைய முகத்தை யார் பார்க்கிறார்கள்? கோபத்தில் எழுதுகிறேன். நல்ல மனிசன்தான்.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூசேன்வில்லுக்குப் போய்விட்டாள், ரயிலில் அரை மணி. சிநேகிதி ஒருத்தியோடு அறை. விமான நிலையத்தில் கோப்பிக் கடையில் வேலை. எனக்கு இடைக்கிடை "சா வா" என்று ஒரு வரி அனுப்புவாள். சுகமாம். அதற்குமேல் கேட்டால் பதில் வராது.

இவர் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்க, "மகள் லண்டனிலை டொக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டார். வாயில் வந்ததாம். பிள்ளை பெயிலானால் லண்டன், பிள்ளை ஓடினால் கனடா. எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு கைவசம் இருக்கிறது. இப்போது லா சப்பல் முழுக்க அவள் டொக்டர். நானும் தலையாட்டிக்கொண்டு திரிகிறேன்.

10, வெள்ளி

கோயில் நாள், கடையில் சனம் குறைவு. வரதா அக்கா வந்தார். சேலை வாங்க வருவதில்லை, சேலையைத் தடவிக்கொண்டு ஊர்க்கதை கேட்க வருவார். இன்று கதையோடு வந்தார். தங்கச்சியின் மகன் லண்டனில் எஞ்சினியராம்.

"பொடியனும் லண்டன், பிள்ளையும் லண்டன். இரண்டு பேரும் ஒரு கோப்பி குடிச்சுப் பாக்கட்டுமன், சாந்தி."

"அவளுக்குப் படிப்பு முடியேல்லை, அக்கா."

"படிப்பை ஆர் நிப்பாட்டச் சொன்னது? அட்ரஸைத் தா. தங்கச்சி வாற கிழமை சோறு கறி கொண்டுபோய்க் குடுக்கட்டும். பிள்ளை அங்கை பாணையும் பட்டரையும் திண்டு காஞ்சுபோய்க் கிடக்கும்."

பிறகு தாறன் என்று சொல்லிவிட்டு மேல்தட்டில் இல்லாத சேலையைத் தேடி ஏணியில் ஏறினேன். அவர் போகும்வரை இறங்கவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏதாவது ஒரு அட்ரஸைச் சொல்லியிருக்கலாமே."

"ஆரின்ரை அட்ரஸை?"

"லண்டனிலை வீடோ இல்லை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை இரண்டு தரம் கழுவினார்.

12, ஞாயிறு

காற்று. ஜன்னல் ஓயாமல் அடிக்கிறது. இவர் வேலையில். மதியம் கொம்பியூட்டரைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் இன்னொரு கோப்பை. சிவப்பு மப்ளர்.

அவள்தான். கூசேன்வில்லில் இருந்துகொண்டு அவளும் அதே நேரம் திறந்திருக்கிறாள். இந்த விளையாட்டில் எழுதவும் முடியாது, கதைக்கவும் முடியாது. அடியில் இருக்கிற நீட்டு விசையை அமத்தினால் தாரா கத்தும், அது ஒன்றுதான். அமத்தினேன். என் தாரா கத்தியது. அவளுடையதும் கத்தியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், யாருக்குக் கேட்கப்போகிறது என்று தெரியவில்லை.

பிறகு தேசிக்காய் பிடித்தோம். என் பக்கம் விழுவதை எனக்கே விட்டாள். எனக்கு முடியாததை மட்டும் ஓடிவந்து பிடித்தாள். வாய் திறந்தால் எங்களுக்குள் எப்போதும் ஏதாவது ஒன்று வந்து விழுந்துவிடும்: படிப்பு, சாப்பாடு, அப்பா. இங்கே எதுவும் விழவில்லை, தேசிக்காயைத் தவிர. நான் அம்மாவும் இல்லை, அவள் பெயிலும் இல்லை. பெரியவர்கள் ஏன் இதற்குள் போய் இருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

போகும்போது சொல்லிவிட்டுப் போகவில்லை. கோப்பை இருந்தது, பிறகு இல்லை. இருந்து அழுதேன். பிறகு எழும்பிக் கீரை ஆய்ந்தேன். எனக்கு என் பிள்ளை வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

14, செவ்வாய்

மெட்ரோ வாசலில் ரோசாப்பூ வியாபாரம் அமர்க்களம். கடையில் இரண்டு பெண்கள்: "இவர் எனக்குப் பூ வாங்கித் தருவாரோ?" "வாங்கித் தந்தால் என்ன பிழை செய்தவர் எண்டு பார்." சிரித்துக்கொண்டே மடித்தேன்.

பின்னேரம் சிவப்பு மப்ளர் மறுபடி வந்தது. இரவு வேலைக்குப் போகுமுன் குளிக்க வந்த இவர் கதவில் நின்று பார்த்தார்.

"நாப்பத்தெட்டு வயசிலை தாரா மேய்க்கிறாய்."

நான் திரும்பவில்லை.

"மற்றத் தாரா ஆர்?"

"ஆரோ."

போவார் என்று பார்த்தால் போகவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என் கோப்பை சரிந்தது. சிவப்பு மப்ளர் கீழே வந்து தாங்கியது.

"அது கெட்டிக்காரத் தாரா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் கத்துவாரோ, அல்லது அவள் தெரிந்துகொண்டு வராமல் விடுவாளோ என்று பயம். சொல்லவில்லை.

16, வியாழன்

தூறல். வரதா அக்கா டெலிபோனில் விடாப்பிடி. எடுக்கவில்லை. குசினியில் நிற்கிறேன், குளியலறையில் நிற்கிறேன் என்று திருப்பி எழுதி எழுதி அலுத்துவிட்டது. நினைவு: சனிக்கிழமை கல்யாண வீட்டார் கூறை எடுக்க வருகிறார்கள். முழங்காலுக்கு எண்ணெய்.

18, சனி

இன்றைக்குக் கடையில் நடந்தது. ஒழுங்காக எழுதுகிறேன்.

கடை நிறையச் சனம். கல்யாண வீட்டார், அவர்களோடு வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நடுவில் வரதா அக்கா, கையில் டெலிபோன், அதற்குள் லண்டன் தங்கச்சி. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"இந்தா, தங்கச்சியிட்டை நீயே சொல்லு அட்ரஸை."

"பிறகு சொல்லுறன், அக்கா. வேலையா நிக்கிறன்."

"ஒரு அட்ரஸுக்கு என்ன இவ்வளவு யோசினை? பிள்ளையிலை ஏதும் பிழையோ? ஆரோடையும் இருக்கிறாளோ?"

கல்யாண வீட்டார் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விரித்த கூறை மேசையில் கிடக்கிறது. என் பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு சொல். கூறையை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"என்ரை பிள்ளை லண்டனிலை இல்லை. கூசேன்வில்லிலை இருக்கிறாள். எயார்போட்டிலை கோப்பி விக்கிறாள். டொக்டர் சோதினையிலை இரண்டு தரமும் பெயில். ஆரோடையும் ஓடேல்லை. உழைச்சுச் சாப்பிடுறாள். இப்ப அட்ரஸ் வேணுமோ?"

டெலிபோனுக்குள் இருந்தவர் முதலில் மறைந்தார். வரதா அக்கா சேலை ஒன்றைத் தடவினார். பிறகு யாரோ, இந்தக் கரை பச்சையிலும் இருக்கா என்று கேட்டார்கள். கடை மறுபடி கடையானது. முதலாளி அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன், மெட்ரோ எடுக்காமல். உடம்பு இலேசாக இருந்தது. பெரிய வேலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னவளுக்கு என்ன பயம்?

இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"எல்லாற்றை முன்னாலையுமோ?"

"ஓம்."

சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார்.

19, ஞாயிறு

ஆரணி டெலிபோன் எடுத்தாள். குரல் கேட்டது டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு இன்றைக்குத்தான். சந்தோசத்தில், "சாப்பிட்டியே, பிள்ளை?" என்றுதான் தொடங்கினேன்.

லா சப்பலில் சொன்னது கூசேன்வில்லுக்கு ரயிலை விட வேகமாகப் போய்விட்டது. அவளோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் எல்லோரும் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். லண்டன் கதை அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவளும் அவர்களிடம் ஓம் என்று சொல்லி வைத்திருந்தாளாம்.

பிரெஞ்சில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள், பாதி எனக்கு எட்டவில்லை. பிறகு நிறுத்திவிட்டுத் தமிழில், எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் சொல்லுவன் எண்டுதான் இருந்தனான். எனக்கு ஏலும் எண்ட நேரம், நான். அப்பா என்னை டொக்டர் எண்டு விளம்பரம் செய்தவர். நீங்கள் பெயில் எண்டு விளம்பரம் செய்திட்டீங்கள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"பிழைதான், பிள்ளை."

வைத்துவிட்டாள்.

வரதா அக்காவின் வாயை அடைக்க என் பிள்ளையைத் தூக்கி எறிந்திருக்கிறேன். நேற்று வீரம் என்று நினைத்து நடந்தேனே, அந்தக் கால்களை இன்றைக்கு வெட்டலாம் போல இருக்கிறது.

22, புதன்

வானம் மூடிக் கிடக்கிறது. சிவப்பு மப்ளர் வரவில்லை. ஞாயிறிலிருந்து ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்க்கிறேன். தவளைப் பாட்டு இன்றைக்கு எரிச்சலாக இருந்தது. கவிழ்ந்தால் தலையைத் துடைத்துவிட ஒரு மேகம் வரும் என்பது பொம்மைத் தாராவுக்குச் சரி.

அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன், மன்னித்துக்கொள் என்று. பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

கடையில் எல்லோரும் என்னோடு நல்ல மாதிரி. அதுதான் தாங்க முடியவில்லை. தங்கள் பிள்ளைகளின் மார்க்கை என் முன்னால் கதைக்காமல் விடுகிறார்கள்.

26, ஞாயிறு

மழை. இவர் மதிய வேலை முடிந்து வந்தார். நான் அறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் சும்மா இருந்தேன். குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார்.

"அந்தக் கெட்டிக்காரத் தாரா வாறேல்லையோ?"

அப்போதுதான் சொன்னேன், அது யார் என்று, அவள் டெலிபோனில் சொன்னதையும். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் என்று சொல்ல இது குசினியும் இல்லை.

"எனக்கும் ஒண்டு செய்து தா."

தலையில் என்ன வைக்க என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், சும்மா தாரா போதும் என்றார். தடித்த விரல், இரண்டு விசையைச் சேர்த்து அமத்துகிறது. கோப்பை கவிழ்ந்துகொண்டே இருந்தது. தவளைகள் குளத்தில் நிரம்பி வழிந்தன.

"இதிலை அவளை எப்பிடிக் கூப்பிடுறது?"

"கூப்பிட ஏலாது. அவளா வந்தால்தான்."

"எத்தினை மணிக்கு வருவாள்?"

"தெரியாது."

நேரத்தைப் பார்த்தார். எழும்பினார். வேலைக்கு வெளிக்கிடுகிறார் என்று நினைத்தேன். செத்தவீட்டுக்குக்கூட லீவு கேட்காத மனிசன். நடைவழியில் நின்று ரெஸ்ரோரண்ட் முதலாளிக்கு டெலிபோன் எடுக்கிற சத்தம் கேட்டது.

"பத்ரோன், இண்டைக்கு இரவு நான் வரேல்லை. இல்லை, வருத்தம் ஒண்டும் இல்லை. மகள் வருவாளோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். இல்லை, லண்டனிலை இருந்து இல்லை. லண்டன் எண்டு நான்தான் பொய் சொன்னனான். மிச்சம் அவளின்ரை கதை, என்னட்டைக் கேக்காதையுங்கோ."

வந்து இருந்தார். இடப்பக்கம் போகிற விசை எது என்று மறுபடி கேட்டார்.