நான்கு பெரிய கல்லூரிகளின் தனி லீக்

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹரோவில், ஊரில் படித்த கல்லூரிகளின் பெயரில் ஆடும் எங்கள் பழைய மாணவர் உதைபந்தாட்ட லீக்கின் கூட்டம். நான்கு பெரிய கல்லூரிகளும் பிரிந்துபோய்த் தனி லீக் தொடங்குகின்றனவாம்.

"உங்கட சின்னக் கல்லூரி இனித் தாக்குப்பிடிக்காது. பெயரை விட்டிட்டு எங்களோட சேருங்கோ," என்றார் அவர்களின் தலைவர்.

"ஏலாது அண்ணை," என்றேன்.

திரும்பி வரும்போது காரில் மகன் சொன்னான்: "அப்பா, நான் அவையோட விளையாடப் போறன்." எங்கள் அணியில் கோல் அடிக்க அவனை விட்டால் ஆளில்லை.

எழுதி வைக்கிறேன். இரண்டு வருடம் போகாது, தலைவர் பதவிக்கு அடிபட்டு அந்த நான்கும் பிரியும். பிறகு எங்களிடம்தான் ஆட்டம் கேட்டு வருவார்கள். அன்றைக்குக் கோல் காப்பாளராக நானே நிற்பேன். சின்ன வயதிலிருந்து எனக்கெதிரே கோல் அடித்துப் பழகியவன்; எந்தப் பக்கம் பாய்வேன் என்று மகனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடிக்கட்டும், பார்க்கலாம்.