மாலிஷ் என்று சொன்ன வாய்

அம்மிணி,

உங்கள் சங்கத்தின் மாத மடல் இன்று தபாலில் வந்தது. எப்போதும் போல நான்காக மடித்து ஓரத்தில் பின் அடித்திருந்தது. மேலே மட்டும் என் பெயர் இங்கிலீஷில் அச்சடித்த சீட்டாக ஒட்டியிருந்தது. முன்பெல்லாம் அதை நீங்கள் கையால் தமிழில் எழுதுவீர்கள். மைசூரிலேயே பிறந்து கன்னடத்தில் படித்தவர் நீங்கள். ரங்கம்மாள் என்பதில் ஒரு புள்ளியாவது விட்டுப்போகும். "அஞ்சாவது படிச்ச எனக்கே தெரியுதுங்க, புள்ளி வைங்க" என்றால், "போஸ்ட்மேன் புள்ளி எண்ணிட்டா லெட்டர் குடுக்கறாரு அஜ்ஜி?" என்று, பாட்டியைக் கன்னடத்தில் கூப்பிட்டுச் சிரிப்பீர்கள். இந்தச் சீட்டில் பிழையே இல்லை என்று பேத்தி சௌம்யா சொன்னாள். நீங்கள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு மறுபடி உறைத்தது.

அது பிசியோதெரபி படித்தவர்களுக்கான சங்கம். அந்த மடலும் அவர்களுக்கானது. எந்த ஆஸ்பத்திரியில் இடம் காலி, எந்த மனு எந்த மேசையில் கிடக்கிறது, படிக்காமலே பலகை மாட்டிக்கொண்டு யார் எலும்பைத் திருகுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் நோயாளியான என்னை உறுப்பினர் பட்டியலில் சேர்த்தது நீங்கள்தான். ஏன் என்று கேட்டதற்கு, "மடிச்சுக் குடுக்கறீங்கல்ல, அப்ப நீங்களும் மெம்பர்தான்" என்றீர்கள். சனிக்கிழமை மதியம் மகன் வந்து கூட்டிப்போகும் வரை உங்கள் மேசையில் உட்கார்ந்து நான் அந்தத் தாள்களை மடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் இங்கிலீஷில் உள்ளதைப் பாதி தமிழும் பாதி கன்னடமுமாக எனக்குச் சொல்லிக்கொண்டே பெயர்களை எழுதுவீர்கள்.

நான் உங்களிடம் வந்து சேர்ந்த விதம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊர் கௌதள்ளியில் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. மைசூரில் ஆபரேஷன், அப்புறம் மகன் வீட்டில் நாற்பது நாள் படுக்கை. எல்லாம் படுக்கையிலேயே. மருமகள் முகம் சுளிக்காமல் சட்டி வைத்து எடுத்தாள். அதுவரை ஒருவரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துத் தரச் சொல்லாதவள் நான். அந்த நாற்பது நாளில் சுவரைப் பார்த்தே கிடந்தேன்.

உங்களிடம் வந்த முதல் வாரம் என் இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு நாள் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"கையக் குடுங்க அம்மிணி."

"குடுக்க மாட்டேன்."

"உழுந்துட்டன்னா?"

"விழ விடமாட்டேன். தூக்கவும் மாட்டேன். பாதத்த பின்னாடி இழுங்க, மூக்கு முன்னாடி வரட்டும். ம்ம், ஏளி, எந்திரிங்க அஜ்ஜி."

"ஏனுங்க, கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கறதுக்கா இத்தன படிப்பு படிச்சீங்க?"

"ஹௌது, ஆமா. இந்தக் கையக் கட்டிக்கறதுக்குத்தான் நாலரை வருஷம் படிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே எழுந்து நின்றுவிட்டேன். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் திரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் தெருவில் கேட்டவர்களிடம் நான் சொன்னது வேறு. "தினம் எங்கே போறீங்க?" என்றால், "மாலிஷுக்கு" என்பேன். மாலிஷ் என்றால் ஏதோ உடம்பு வலி, எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இந்த வயதில் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

அந்த வாயோடுதான் என்னைச் சுகாதார இலாகா அதிகாரியிடம் கூட்டிப்போனீர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி வேலையிடம் வேண்டும் என்று சங்கம் மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. "தாள் நெறய குடுத்தாச்சு. இந்த தடவ ஆள காட்டலாம்" என்றீர்கள். அந்த ஆள் நான். எங்கும் பிடிக்காமல் நான் உள்ளே நடந்து போனேன். அதிகாரி நல்லபடியாகத்தான் கேட்டார். "ஏன் அஜ்ஜி, இவரு நிமகே ஏனு மாடிதரு?" இந்த அம்மா உங்களுக்கு என்ன செய்தார் என்று ஒரே கேள்வி. அறையில் நாலைந்து ஆண்கள் இருந்தார்கள். நாற்பது நாள் என் தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"மாலிஷ் மாடிதரு சாமி" என்றேன்.

ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். "மாலிஷா? அதக்கே ஒந்து போஸ்ட் பேகா மேடம்?" என்று அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டார், நீவிவிட ஒரு வேலையிடம் வேண்டுமா என்று. நீங்கள் ஏதேதோ எடுத்துச் சொன்னீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே கோப்பை மூடி ஓரமாக வைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதேன். நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அழ பேடா, அழாதீங்க அஜ்ஜி" என்றீர்கள். "தப்பு எங்க மேலதான். இத்தன வருஷமா நாங்க என்ன பண்றோம்ன்னு சொல்றதுக்கு பேஷண்டுக்கு ஒரு வார்த்த குடுக்கவே இல்ல. நாங்க குடுக்கல, அவங்க மாலிஷ்ன்னாங்க." நான் வார்த்தை இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை, அம்மிணி. என் மானத்தை மூடிக்கொள்ளச் சொன்னேன். அதை அன்று உங்களிடம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அடுத்த மாத மடலில் என் பெயரைப் போடாமல் நடந்ததை எழுதினீர்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தம்மிடம் குணமானவரிடம் கேட்டு, என்ன நடந்தது என்று அவர் வாய்ப்பேச்சிலேயே ஒரு வரி வாங்கி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வரிகள் வந்தன. நஞ்சன்கூட்டு டிரைவர் ஒருவர், 'கிளட்ச் மிதிக்க மறுபடி கத்துக் கொடுத்தார்கள்' என்று அனுப்பியிருந்தார். அதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினீர்கள். சனிக்கிழமைதோறும், "எங்க அஜ்ஜி உங்க வரி?" என்பீர்கள். "வருதுங்க, வருதுங்க" என்பேன். அப்படியே ஓட்டினேன். ஒரு வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் நீங்கள். இந்த வரிசை மாறியதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகு நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. கௌதள்ளியில் என் நாத்தனாரும் விழுந்துவிட்டாள். என்னைப் போலவே இடுப்பு, என்னைப் போலவே ஆபரேஷன். ஆனால் அவளுக்கு மைசூரில் மகன் இல்லை. தினம் இத்தனை தூரம் பஸ்ஸில் தூக்கிவர ஆளும் இல்லை. ஒரு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறாள். பார்க்கப் போனபோது என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ செஞ்சத எனக்குச் சொல்லிக் குடு அண்ணி. நானும் செஞ்சுக்கறேன்."

"அது ஆகாது கண்ணு. எனக்குச் சொன்னது என்னோட இடுப்புக்கு. உனக்கு வேற மாதிரி இருக்கும். படிச்சவங்க பாத்துத்தான் சொல்லோணும்."

"அப்ப அவங்கள இங்க வரச் சொல்லு."

வரச் சொல்லத்தான் போனோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அந்த அறையில் நான் சரியாகப் பேசியிருந்தால் மட்டும் இடம் வந்திருக்குமா, தெரியாது. வராமலும் போயிருக்கலாம். ஆனால் சிரிக்க ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

இன்றைய மடலைச் சௌம்யா படித்துக் காட்டினாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவள் நாவில் நிற்கும், ஆனால் இங்கிலீஷை எங்கும் தடுக்காமல் படிப்பாள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதே இடத்துக்காகச் சங்கம் அடுத்த மாதம் மறுபடி போகிறதாம். நீங்கள் சேர்த்து வைத்த வரிகளையெல்லாம் தட்டச்சு செய்து கையில் கொடுக்கப் போகிறார்களாம். இன்னும் யாராவது அனுப்புவதானால் இந்த வாரத்துக்குள் என்று கடைசியில் போட்டிருந்தது.

"எழுதிக்கோ சாமி" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்:

'என் பேரு ரங்கம்மாள். இடுப்பு ஒடஞ்சு நாப்பது நாள் படுக்கையிலயே மலஜலம் போனேன். அந்த அம்மா எனக்கு மாலிஷ் பண்ணல. கையக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நின்னாங்க. நான் எந்திரிச்சேன். முன்னாடி உங்ககிட்ட மாலிஷ்ன்னு சொன்னதும் நான்தான். வெக்கப்பட்டுச் சொன்ன பொய் அது.'

மகன் கேட்டுக்கொண்டே நின்றான். "அதெல்லாம் எழுதோணுமாம்மா? பேரு வேற போடற. எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும்டா. அதுக்குத்தான எழுதறது."

மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சௌம்யா அதை இங்கிலீஷிலும் எழுதி, சங்கத்துக்குப் போனில் அனுப்பினாள். ஒரு நிமிட வேலை. இதற்கு நான் உங்களை எத்தனை சனிக்கிழமை காக்க வைத்தேன்.

அப்புறம் கௌதள்ளிக்குப் போன் போட்டேன். நாத்தனார் எடுத்ததும் வழக்கமான கேள்விதான். "அந்தப் படிச்சவங்க யாராச்சும் இங்க வருவாங்களா அண்ணி?"

வருவார்கள் என்று பொய் சொல்ல மனமில்லை. "கேட்டிருக்கோம்" என்றேன். கேட்டிருக்காங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அம்மிணி. கேட்டிருக்கோம் என்று வந்தது.