என்னோடு ஏலம் கேட்கிறவர்

மே 3, 2007. வியாழன்

நாளை கத்திரி ஆரம்பம். இன்றைக்கே அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்பில் தார் செருப்பில் ஒட்டுகிறது. லாரித் தண்ணீர் வரவில்லை. மேல் போர்ஷன்காரர்கள் லீவுக்கு மதுரை போய்விட்டார்கள். அவர்கள் இருந்தால் சத்தம் என்று எரிச்சல். இல்லாவிட்டால் இந்த அமைதி.

பள்ளிக்கூடம் மூடி எட்டு நாள். எட்டு நாளில் நான் பேசிய ஆட்கள்: பால் பூத்காரர், கேஸ் போடுகிறவர், ப்ரௌசிங் சென்டர் கனகம். மொத்தம் மூன்று.

செய்ய வேண்டியவை: ஈ.பி. பில். மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ. புளி. ரேஷன் கார்டு ஜெராக்ஸ்.

மூன்று மணிக்குக் குரோம்பேட்டை, கனகத்தின் சென்டர். ஃபேனுக்குக் கீழே இரண்டாம் நம்பர் கேபினை எனக்கென்றே வைத்திருக்கிறாள். ஏலத் தளத்தைத் திறந்தால் 47 பதில் போட்டிருக்கிறார்.

47 யார் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். தளத்தில் அவர் பெயர் 'பழங்காசு47'. பிப்ரவரியிலிருந்து நான் கேட்கிற ஒவ்வொரு காசுக்கும் எதிரில் நின்று கேட்கிறவர். எல்லாம் ஒரே விற்பனையாளரின் காசுகள், சேலம் 'காசுப்பெட்டி'. (இனி கா.பெ.) நான் சேர்ப்பது ஒன்றே ஒன்றுதான்: டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் அடித்த செம்புக் காசு. ஒன்பதாம் வகுப்பை டூர் கூட்டிப் போனபோது கடற்கரையில் ஒருவர் பத்து ரூபாய்க்கு விற்றார். அன்று பிடித்த பைத்தியம். ஸ்டாஃப் ரூமில் காட்டினால், தேய்ந்த செம்புக்கா மிஸ் ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் காசு வேண்டும் என்று நினைக்கிற இன்னொரு ஜீவன் 47 மட்டும்தான்.

போன மாதம் 1792-ஆம் வருடத்து நாலு காஸை (காஸ் என்பது டேனிஷ்காரர்கள் வைத்த மதிப்பின் பெயர்) என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போனார். ரூ.1,450. இரண்டு நாள் வயிற்றெரிச்சல். பிறகு, தெரிந்த கைக்குத்தானே போயிருக்கிறது என்று தோன்றி வாழ்த்து எழுதினேன். அதற்குத்தான் இன்றைய பதில். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்:

"1792 பத்திரமாக வந்து சேர்ந்தது மேடம். கிரீடம் நன்றாக இருக்கிறது. உங்களைப் போல விஷயம் தெரிந்தவர் எதிரில் இருந்தால்தான் ஏலத்தில் சுவை. சுந்தரம்."

மூன்று முறை படித்தேன். 47 பிறந்த வருடமாக இருந்தால் அறுபது வயது. கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும்.

புளி மறந்துவிட்டது.

மே 5, சனி

சுந்தரத்துக்குக் கடிதம். நாலு வரி எழுதப் போனேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. காசில் கிரீடத்துக்குக் கீழே, டேனிஷ் ராஜாவின் முத்திரையாக C எழுத்துக்குள் 7 பின்னியிருக்கும் அழகு. வெயில். தங்கை ரூபி மெல்போர்னுக்குப் போனதிலிருந்து வீட்டில் ஒரு கப் அரிசி இரண்டு வேளைக்கு வருவது. இதை ஏன் எழுதினேன்? அனுப்பிய பிறகு காது சூடாகிவிட்டது. திரும்ப எடுக்க வழி உண்டா என்று கனகத்திடம் கேட்டேன். அம்பு வுட்டா வுட்டதுதான் டீச்சர் என்றாள்.

மே 6, ஞாயிறு

சர்ச். ஃபேன் ஓடாத பக்கத்தில் இடம். பாஸ்டர் கை கொடுத்து, லீவு எப்படிப் போகிறது என்றார், பதிலுக்கு நிற்கவில்லை.

தங்கை ரூபியின் போன். பதினொரு நிமிடம். பையனுக்கு நீச்சல் வகுப்பு, புது சோபா. "வேற என்னக்கா?" என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். சுந்தரத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. என்னவென்று சொல்வது? என்னோடு ஏலம் கேட்கிறவர் என்றா?

மே 8, செவ்வாய்

கா.பெ. பத்து காஸ் போட்டிருக்கிறார்! பெரிய காசு. படத்தில்கூட இரண்டு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிகிறது.

சுந்தரத்தின் பதிலும் வந்தது. தனியாகச் சமைப்பது கஷ்டம்தான் மேடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டே வரி. உடம்பைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் கடைசியாகச் சொன்னது கம்பவுண்டர்.

நன்றாக யோசித்து ஒரு காரியம் செய்தேன். இந்தக் காசுக்கு நாம் இருவரும் அடித்துக்கொள்ள வேண்டாம், என் எல்லை மூவாயிரம், அதற்கு மேல் போனால் உங்களுக்கே சந்தோஷமாக விட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். ஒளித்து விளையாடுவது நமக்கு வராது. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

புளி, ரவை, குளியல் சோப்பு: வாங்கியாயிற்று.

மே 11, வெள்ளி

பத்து காஸ் எனக்கு!!

மூன்றரைக்கே உட்கார்ந்துவிட்டேன். 1,800-இல் இருந்து நானும் அவரும் மட்டும். ஐம்பது ஐம்பதாக ஏறியது. அவர் 2,900. நான் 2,950. அடுத்தது அவர் மூவாயிரம் என்றால் நான் எழுந்துவிட வேண்டியதுதான். அவர் கேட்கவில்லை. நாலு மணி. முடிந்தது.

என் எல்லைக்கு ஐம்பது ரூபாய் முன்னால் நிறுத்திக்கொண்டார். எனக்காக விட்டுக்கொடுத்தார். ஐம்பத்து மூன்று வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வீட்டுப் பங்கில் ரூபி விட்டுக்கொடுக்கவில்லை. ஹெச்.எம். பதவியில் மேரி டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் செம்புக் காசில் விட்டுக்கொடுக்கிறார்.

கால் கிலோ ஜாங்கிரி. பாதி கனகத்துக்கு. இன்னா விசேஷம் டீச்சர் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன் போல, அவளும் சிரித்தாள்.

மே 14, திங்கள்

கா.பெ.-இன் கடிதம். பணத்தைத் தளத்தின் வழியாகக் கட்ட வேண்டாம், கமிஷன் போகிறது. நேராக பேங்க் கணக்கில் போட்டால் கூரியர் இலவசம். சந்தேகத்துக்குப் போன் நம்பரும் கொடுத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் பேங்க் வரிசை. பேனா கேட்டு வாங்கியவர் திருப்பித் தராமல் போய்விட்டார்.

சலானில் பெயர் எழுதும்போது சிரிப்பு வந்தது. கணக்கு ஆர். சுந்தரம் பெயரில். விற்கிறவரும் சுந்தரம், விட்டுக்கொடுத்தவரும் சுந்தரம். தெருவுக்கு இரண்டு சுந்தரம் இருக்கிற ஊர்தானே.

சுந்தரத்துக்கு நன்றிக் கடிதம். ஒன்றரைப் பக்கம்.

மே 19, சனி

காசு வரவில்லை. பணமே வரவில்லை என்கிறார் கா.பெ. அன்றைக்கே கணக்கில் ஏறிவிட்டது என்கிறது பேங்க். சலானை ஸ்கேன் செய்து அனுப்ப கனகத்திடம் போனேன். என்ன ஏது என்று கேட்டாள். முதலிலிருந்து சொன்னேன், 47 உட்பட. இந்த லீவில் நான் இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான்.

கனகத்தின் அம்மா வீடு கோவளம் பக்கம் மீனவர் குப்பம். அம்மா இன்னும் மீன் விற்கிறார். கேட்டு முடித்ததும் கனகம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கரையில மீன் ஏலம் வுடுறவன் தன் ஆளையே கூட்டத்துல நிக்க வெச்சிருப்பான் டீச்சர். அவன் வெலைய ஏத்திகினே இருப்பான். எங்கம்மா அவன் மூஞ்சியப் பாக்காது, கூடையத்தான் பாக்கும். ஏலம் எடுத்தவன் கூடையத் தூக்கினு போனானா, இல்ல அது அங்கயே கீதான்னு."

சுந்தரம் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அவர யாரு டீச்சர் பாத்தது?"

இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஸ்கேன் செய்யவில்லை.

மே 20, ஞாயிறு

சர்ச் போகவில்லை. தலைவலி. ரூபியின் போனை எடுக்கவில்லை.

மூவாயிரம் என்று சொன்னேன். 2,950-இல் நின்றது. தற்செயலாக அங்கே நிற்பதற்கு நிகழ்தகவு என்ன? பிளஸ் ஒன்னில் நான் வருடா வருடம் நடத்துகிற பாடம். பேப்பரை எடுத்து வைத்தேன், போடவில்லை. கஞ்சி. ஊறுகாய்.

மே 22, செவ்வாய்

கூடையைப் பார்க்கப் போனேன்.

கா.பெ. பக்கத்தில் நேற்று ஏறிய காசுகள். மூன்றாவது: 1792, நாலு காஸ். என்னிடம் கைவிட்டுப் போன காசுகளின் படங்களை பிரிண்ட் எடுத்து ஃபைல் போடும் பழக்கம் உண்டு. (இதையும் ஸ்டாஃப் ரூமில் சொல்வதில்லை.) ஏப்ரல் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். கடிகாரத்தில் ஏழு மணி இருக்கிற இடத்தில் அதே வெட்டு. கிரீடத்துக்குக் கீழே அதே பச்சைக் களிம்புப் புள்ளி. பத்திரமாக வந்து சேர்ந்தது மேடம் என்று அவர் எழுதிய அதே காசு.

பிப்ரவரியிலிருந்து 47 ஜெயித்த காசுகள் ஆறு. நாலு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஏலம் கேட்டிருப்பவர் 47. தானே வாங்கிய காசைத் தானே கேட்கிறார்.

கனகம் பின்னால் வந்து நின்று பார்த்தாள். நான் சொன்னேனே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். ஃபேனை மட்டும் கூட்டி வைத்தாள்.

மே 24, வியாழன்

கனகத்தின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கா.பெ. நம்பருக்குப் போன். மூன்றாவது தடவை எடுத்தார். முப்பது வயதுக் குரல். பின்னால் டி.வி. என் பெயரைச் சொன்னதும், பணம் வரவில்லையே மேடம் என்று ஆரம்பித்தார். பணத்தை விடுங்கள், 47 நீங்கள்தானே என்றேன். டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"ரெண்டு பேர் கேட்டாத்தானுங்க மேடம் அது ஏலம். இந்தக் காசுக்கு உங்கள விட்டா யாருங்க வர்றா?"

சண்டை போடத் தயாராக வந்திருந்தேன். பேப்பரில் நாலு பாயின்ட் எழுதிக்கூட வைத்திருந்தேன். போலீஸ், பேங்க் சலான், தளத்துக்குப் புகார், ஆறு காசுப் பட்டியல். பேப்பரை மடித்தேன். கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"நான் எழுதுன லெட்டர் எல்லாம்?"

"நீங்க நீளமா எழுதுவீங்க மேடம். முழுசாப் படிச்சதில்லைங்க. ரேட்டு எங்க இருக்குன்னு மட்டும் பாப்பேன்."

வைத்துவிட்டேன். மீட்டரில் பதினாலு ரூபாய். கனகம் வாங்க மாட்டேன் என்றாள். பூத் கதவு சரியாக மூடாது, எல்லாம் கேட்டிருக்கும். பஸ் ஏறாமல் அஸ்தினாபுரம் வரைக்கும் நடந்தேன். வழியில் அழுதேன். வெயிலில் யாரும் தெருவில் இல்லை, அதனால் பரவாயில்லை.

மே 25, வெள்ளி

தளத்துக்குப் புகார். கனகம் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் அடித்தாள். ஆதாரமாகக் கடிதங்களை இணைக்க வேண்டுமாம். நான் எழுதியது ஒன்பது. அவர் எழுதியது ஐந்து. அந்த ஐந்தையும் சேர்த்தால் பதினாறு வரி. என்னுடையதை இணைக்க மாட்டேன் என்றேன். மூவாயிரம் என்று சொன்னது அதில்தானே இருக்கிறது, அது இல்லாமல் எப்படி என்றாள் கனகம். நியாயம். அந்த ஒன்றை மட்டும் இணைத்தோம். எங்கோ ஓர் ஆபீசில் ஒருவர் என் கடிதத்தை முழுசாகப் படிப்பார்.

மே 28, திங்கள்

தளத்தின் பதில். பணம் வெளியே கட்டப்பட்டதால் பொறுப்பேற்க இயலாது. இரண்டு கணக்குகளும் நீக்கப்பட்டன. அவ்வளவுதான்.

47-ஐத் தேடிப் பார்த்தேன். அப்படி உறுப்பினர் எவரும் இல்லை என்று வந்தது. அது முன்பே உண்மைதான்.

2,950 போனது போனதுதான். ஜூன் சம்பளம் வரும். ரூபியிடம் சொல்லப் போவதில்லை. காசு சேர்ப்பதை விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். விட்டால் மாலை மூன்று மணிக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

மே 30, புதன்

மதியம் கோடை மழை, அரை மணி. பெருங்களத்தூரில் லாரி கவிழ்ந்து ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நின்றுவிட்டது. குரோம்பேட்டை வர முக்கால் மணி. திங்கள் பள்ளி திறப்பு. டைம் டேபிள் போடவில்லை. குடை ரிப்பேர்.

காரைக்காலில் இருந்து புதிதாக ஒரு விற்பனையாளர். பேங்க் கணக்கு எல்லாம் கேட்காதவர், தளத்தின் வழியாகத்தான் பணம். 1792, நாலு காஸ். வெட்டு இல்லை, களிம்பு இல்லை, கிரீடம் முழுசாக இருக்கிறது. ஆரம்ப விலை ரூ.400. நேற்றே கேட்டு வைத்தேன். இன்று நாலு மணிக்கு முடிவு.

மூன்றரையிலிருந்து ரெஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் பட்டியலில் என் பெயர் ஒன்றுதான். மூன்று நாற்பது. மூன்று ஐம்பது. யாராவது வரட்டும் என்று இருந்தது. ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டுப் போனாலும் சரி. ஆயிரம் வரைக்கும் கொடுக்கப் பணம் வைத்திருந்தேன். மூன்று ஐம்பத்தொன்பது. நாலு.

நானூறுக்கே கிடைத்தது.

நானூறு ரூவாக்கா, அள்ளினீங்க டீச்சர் என்று கனகம் கை தட்டினாள். நெட் சரியாகத்தான் ஓடுகிறதா என்று அவளிடம் கேட்டேன். ஓடுகிறது என்றாள்.