சொந்தப் படமா?

நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் சுகம்தான். கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை. அதனால் இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் நானும் எழுதப் பழகுகிறேன். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

பாகற்கொடி பற்றிய பக்கத்தில் படமே இல்லை. நம் மாடியில் பூத்ததை நீ எடுத்து அனுப்பினாயே, அதை ஏற்றினேன். 'உங்கள் சொந்தப் படமா?' என்று அந்தத் தளம் கேட்டது. ஆமாம் என்று சொல்லி, கீழே 'என் மனைவி எடுத்தது' என்று பெருமையாக எழுதியும் வைத்தேன். மறுநாள் படத்தைக் காணோம்.

அதை நீக்கிய நிர்வாகியிடம், "என் வீட்டுக்காரி எனக்குச் சொந்தம் இல்லாம வேற என்னங்க?" என்று கேட்டேன்.

"பொத்தானை அழுத்தினவங்களுக்குத்தான் படம் சொந்தம், கட்டிக்கிட்டவங்களுக்கு இல்லீங்க. அவங்களே அனுமதி எழுதி அனுப்பட்டும்" என்று பதில் போட்டார்.

எத்தனை விதி படித்தாலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருக்கிறது. 'இந்தப் படத்தை யாரும் பயன்படுத்தலாம்' என்று உன் பெயரில் ஒரு வரி அனுப்பு. பாப்பா தட்டச்சு செய்து தருவாள். வேறு படங்களும் எடுத்து அனுப்பு. பூவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காயப்போட்ட துணியானாலும் சரி.

இன்னொன்று. படத்தின் ஓரத்தில் உன் நிழல் விழுந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு ஏற்றச் சொல்கிறார் அந்த நிர்வாகி. வெட்டப் போனால் கை வரவில்லை. கீழே வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. வெட்டலாமா வேண்டாமா, நீயே சொல்.

விதிப்படி இல்லாவிட்டாலும்,
உன் சொந்தக்காரன்